கேட்டவர்கள் கேட்டதால் தெரிந்த பெயர்

கேள்வி: சென்ற ஆண்டு வந்த தமிழ்ப் பாடல்களில் அதிகம் அறியப்படாத நல்ல பாடல்கள் பத்தைச் சொல்லுங்களேன். வேலைக்குப் போகும்போது ஹார்பர் லைன் ரயிலில் கேட்டுக்கொண்டே போவேன்.
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: ‘அறியப்படாத’ என்கிறீர்களே, அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். ஒரு வினையோடு ‘படு’ சேர்ந்துவிட்டால் செய்தவர் மறைந்துகொள்வார். அறியாதவர் யார்? பாடியவருக்குத் தெரியும். மெட்டுப் போட்டவருக்குத் தெரியும். மெட்டுக்கு ஒரு அசை இடிக்கிறது என்று கடைசி நேரத்தில் வரியை மாற்றிக் கொடுத்தாரே பாடலாசிரியர், அவருக்கும் தெரியும். அறியாதவர்கள் நாம்தான். ‘நாம் கேட்காத பாடல்கள்’ என்று மாற்றி எழுதிப் பாருங்கள், பொறுப்பு யாருடையது என்று விளங்கிவிடும்.

‘கேள்’ என்பது அற்புதமான சொல். காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும் நம்மிடம் ஒரே வினைதான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருந்தார்கள். 1949இல், மலாடில் ஸ்டூடியோ வைத்திருந்த பாம்பே டாக்கீஸின் ‘மஹல்’ வெளிவந்தது. அதில் ‘ஆயேகா ஆனேவாலா’ பாட்டின் இசைத்தட்டில் பாடகி பெயர் ‘காமினி’ என்று அச்சாகியிருந்தது. காமினி படத்தில் வரும் பாத்திரம்; திரையில் வாயசைத்தவர் மதுபாலா. பாட்டைக் கேட்டவர்கள், பாடியது யார் என்று வானொலிக்கு எழுதிக் கேட்டார்கள். வானொலிக்காரர்கள் இசைத்தட்டு நிறுவனத்திடம் கேட்டார்கள். அப்புறம்தான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் காற்றில் வந்தது.

நீங்களும் அவர்களைப் போலக் கேட்டுத் தேட வேண்டும், எனவே பத்துப் பாடல்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தப் பத்தோடு உங்கள் தேடல் நின்றுவிடும். தேடும் வழியைச் சொல்கிறேன். ஒரு மாதம் இப்படித் தேடுங்கள், பத்துக்கு மேலேயே சேரும்.

முதல் இடறல் ‘சென்ற ஆண்டு’ என்பதிலேயே இருக்கிறது. செயலியில் பாட்டின் கீழே தெரியும் ஆண்டை நம்பாதீர்கள். பழைய படத்தின் உரிமை கை மாறி மறுபடி ஏற்றப்பட்டால், முப்பது வருடப் பாட்டும் புதுசு மாதிரி வந்து உட்காரும். ஆல்பத்தின் அடியில் வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தோடு ஓர் ஆண்டு இருக்கும். அது ஒலிப்பதிவு முதன்முதலில் வெளியான ஆண்டு. மறு ஏற்றத்தில் அதையும் சிலர் தவறாகப் போடுகிறார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் படம் வெளியான தேதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் பாட்டும் பிப்ரவரியில் படமும் வந்தால், பாட்டு வந்த நாளையே கணக்கில் எடுங்கள்.

அடுத்து, ஆல்பத்தை முழுசாகத் திறக்க வேண்டும். படத்துக்கு முன்பே தனியாக விடும் ஒன்றிரண்டு பாடல்களுக்குத்தான் விளம்பரப் பணமெல்லாம் போகிறது. நாலாவது, ஐந்தாவது இடத்தில் இருப்பதைக் கேளுங்கள். முக்கியமாக, படத்தில் காட்சித் தொகுப்புக்கு அடியில் ஓடும் பாட்டு. தியேட்டரில் அதன் மேல் வசனம் ஓடும், ரெண்டாவது சரணத்தை வெட்டியிருப்பார்கள். ஆல்பத்தில் முழுசாக இருக்கும். நல்ல பாடலாசிரியர் தன் சிறந்த வரியை அந்த ரெண்டாவது சரணத்தில் வைத்திருப்பதைப் பலமுறை பார்க்கலாம். பல்லவி எல்லோருக்கும் பிடிக்க வேண்டிய இடம், தயாரிப்பாளரிலிருந்து நடன இயக்குநர்வரை கருத்துச் சொல்லியிருப்பார்கள். ரெண்டாவது சரணத்துக்கு வரும்போது அவர்கள் போய்விட்டிருப்பார்கள். எழுதுகிறவர் தனியாக இருப்பார்.

படத்தோடு சேராத தனிப் பாடல்களைத் தேடுவது இன்னும் கடினம். காரணம் எழுத்துக்கூட்டல். ஆங்கில எழுத்தில் ‘ழ’வை ஒருவர் ‘இசட் எச்’ என்பார், இன்னொருவர் வெறும் ‘எல்’ போடுவார். ‘த’வுக்கு ஒருவர் ‘டி’, மற்றவர் ‘டி எச்’. ‘தாழம்பூ’ என்று ஒரு சொல்லைத் தேடினால் இந்த இரண்டு எழுத்துக்கே நாலு எழுத்துக்கூட்டல் ஆகிறது. நாலையும் போட்டுப் பாருங்கள், பிறகு தமிழ் எழுத்திலும் ஒருமுறை. ஒரே பாடகரின் பெயரை இரண்டு விதமாக எழுதி இரண்டு பக்கங்களாக உடைத்து வைத்திருப்பதும் சகஜம்.

இனி உங்கள் ரயில். அதில் பாட்டு கேளுங்கள், ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சக்கர இரைச்சல் தாழ்ந்த ஒலிகளை மூடிவிடும். மிருதங்கத்தின் தொப்பி எனும் இடப்பக்கம், பேஸ் கிதார், தாழக் குரலில் இழுக்கும் ஹம்மிங் எல்லாம் அதற்கடியில் போய்விடும். மிஞ்சுவது தாளத்தின் ‘டிக் டிக்’கும் உச்சக் குரலும். குர்லாவில் கூட்டம் ஏறும்போது இடையிசை முழுசாகவே போகும். நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள், அது காதுக்குக் கேடு. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு கூடக்கூட நேரம் மளமளவென்று குறையும். மென்மையான பாட்டு ரயிலில் தோற்கும், தோற்றதை நாம் ‘சுமார்’ என்று ஒதுக்கிவிடுவோம். ஒரு பாட்டு அறியப்படாமல் போவது பாதி இப்படித்தான்.

தேர்வை வீட்டில், இரவில், ஒயர் வைத்த இயர்போனில் செய்யுங்கள். போனின் சொந்த ஸ்பீக்கர் உதவாது, அவ்வளவு சின்னப் பொருளால் தாழ்ந்த ஒலிக்கு வேண்டிய காற்றைத் தள்ள முடியாது. செயலியின் அமைப்பில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருக்கும், அதை ‘நார்மல்’ நிலையில் வையுங்கள். அணைத்திருந்தால், மாஸ்டரிங் என்ற கடைசிக்கட்ட ஒலிச் சீரமைப்பில் இறுக்கிய பாட்டு சத்தமாக வரும், சத்தமாக வருவதே நல்ல பாட்டு என்று காது ஏமாறும். தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள். மூன்று முறை கேட்க வேண்டும். முதல் தடவை திரையைப் பார்க்காமல். இரண்டாம் தடவை பேனாவோடு, காதில் விழும் வரிகளை எழுதிக்கொண்டு. மூன்றாம் தடவை குரலை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும். பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள். சமைக்கும்போது தானாக வாயில் வருகிற பாட்டைப் பட்டியலில் ஏற்றுங்கள்.

நீங்கள் முழுசாகக் கேட்பதில் இன்னொரு பலனும் உண்டு. ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1000 கேட்புகளைத் தொடாத ஒலிப்பதிவுக்கு அங்கே பங்குத் தொகை கிடையாது. 999 என்றால் சுழி. கேட்பவர்களும் பலராக இருக்க வேண்டும், ஒரே ஆள் ராப்பகலாக ஓட்டினால் செல்லாது. உங்கள் கட்டடத்தில் 20 பேர் வாரம் ஒருமுறை ஒரு பாட்டைக் கேட்டால் ஆண்டுக்கு 1040. எல்லை தாண்டியாயிற்று. ஒரு புது இசைக்கலைஞருக்கு ஒரு கட்டடம் இதைச் செய்ய முடியும், யாரும் செய்வதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் சண்டை போடும் விஷயத்துக்கு வருகிறேன். யூடியூபில் பாட்டின் தலைப்பைப் பாருங்கள். நாயகன் பெயர், நாயகி பெயர், இயக்குநர், இசையமைப்பாளர், கம்பெனி. பாடலாசிரியர் கீழே, ‘மேலும்’ என்பதை அழுத்தினால் வருவார். பல சமயம் அங்கும் வரமாட்டார். ‘பெயரில் என்ன இருக்கிறது, பாட்டைக் கேட்டால் போதாதா’ என்று எழுதும் வாசகர்களுக்கு மறுபடி சொல்கிறேன்: பெயரில் சோறு இருக்கிறது. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. இவர்களுக்கான சங்கமான ஐபிஆர்எஸ் 1969இல் தொடங்கியது, உங்கள் மும்பையில்தான் இருக்கிறது. சட்டமும் சங்கமும் இருந்தும், பாட்டு எங்கெங்கோ ஒலிக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் பெயர் தப்பாகவோ இல்லாமலோ போனால் பணம் வழி தெரியாமல் நிற்கும்.

மாட்டுங்காவிலும் தாராவியிலும் கணபதிப் பந்தல் மேடைகளில் மெல்லிசை நடத்துகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள். ‘அடுத்து வருவது தலைவர் பாட்டு’ என்று அறிவிக்கிறீர்கள். தலைவர் நடித்தார், பாட்டு அவருடையது ஆகாது. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று மூன்று பெயர்களைச் சொல்ல பத்து விநாடி போதும். கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்கு ஒலியை மாற்றிக்கொள்ள அதைவிட நேரம் எடுத்துக்கொள்கிறார். விவித பாரதி வானொலி அறிவிப்பாளர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலைதான் இது.

உங்கள் பத்துப் பாடல்களைத் தை மாதத்துக்குள் எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் வரி, எழுதியவர், இசை, பாடியவர், பாட்டின் நீளம், பிடித்த இடம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்ற குறிப்பு. உங்கள் பெயரோடு முழுப் பட்டியலையும் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன். எழுதியவர் பெயர் விட்டுப்போன பாட்டை மட்டும் நிறுத்திவைத்து, யார் எழுதியது என்று உங்களிடமே திருப்பிக் கேட்பேன்.