வேலூர் வெயிலில் ஐஸ் ஹாக்கி: கேள்வி பதில்

வேலூரில் சில வருடங்களாகச் சிறுவர்களுக்கு, ஒரே வரிசையில் சக்கரம் வைத்த இன்லைன் ஸ்கேட்டில் ஹாக்கி சொல்லித் தருகிறேன். அவர்களில் சிலரைக் குளிர்காலத்தில் லடாக்கில் இருக்கும் லே வரை அழைத்துப்போய் ஐஸில் இறக்கியிருக்கிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டு அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

காட்பாடியிலிருந்து ஒரு அப்பா: கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டுகிற ஊர் இது. இங்கே ஐஸ் ஹாக்கி என்றால் கேட்பவர் சிரிக்க மாட்டார்களா சார்?

சிரிக்கட்டும். நம் ஊரில் ஐஸ் ரிங்க், அதாவது ஐஸ் ஆடுகளம், கிடையாது, அதனால் "ஐஸ் ஹாக்கி வகுப்பு" என்று சொல்லி நான் யாரிடமும் பணம் வாங்குவதில்லை. சொல்லித் தருவது இன்லைன் ஹாக்கி. அதில் கோல்கீப்பரோடு ஐந்து பேர், ஐஸில் ஆறு பேர். ஆஃப்சைடு போன்ற சில விதிகளும் மாறும். ஆனால் மட்டை பிடிப்பது, பாஸ் கொடுப்பது, தலை நிமிர்ந்து ஆடுவது எல்லாம் ஒன்றுதான். இந்தியாவில் இந்த ஆட்டத்தின் தாய்வீடான லடாக்கிலேயே இயற்கையாக உறையும் பனி டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் தாங்கும். டேராடூனில் 2011-இல் கட்டிய உள்ளரங்க ரிங்க் பல வருடம் பூட்டிக் கிடந்து 2025-இல்தான் திறந்தது. ஆக, ஐஸுக்கு ஏங்குவது வேலூர்ப் பிள்ளைகள் மட்டும் இல்லை.

சத்துவாச்சாரி, பிளஸ் டூ மாணவன்: அண்ணா, இன்லைனில் நான் நல்ல வேகம். முதல் தடவை ஐஸில் இறங்கினால் எது கஷ்டமாக இருக்கும்?

நிற்பது! எங்கள் கூட்டத்திலேயே வேகமான பையன் லேயில் ஐஸில் இறங்கிய முதல் நாள் எல்லோரையும் தாண்டிக்கொண்டு போனான். போனவன் நிற்கவே இல்லை, ஓரத்தில் குவித்திருந்த பனியில் இடுப்பு வரை புதைந்துதான் நின்றான். லடாக் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காரணம் எளிது. சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும், பக்கவாட்டில் லேசில் சறுக்காது. அதனால் இன்லைனில் பின்காலை இழுத்தோ வட்டமடித்தோ வேகத்தைக் குறைத்துப் பழகிவிடுகிறோம். ஐஸ் ஸ்கேட்டில் சக்கரத்துக்குப் பதில் இருக்கும் பிளேடின் அடியில் நடுவே ஒரு பள்ளம் ஓடும், இரண்டு பக்கமும் கூர் விளிம்பு இருக்கும். இரண்டு பாதங்களையும் சட்டென்று குறுக்கே திருப்பி, முட்டியை மடக்கி, அந்த விளிம்பால் பனியைச் சுரண்டி நிற்க வேண்டும். சக்கரத்தில் இதை முழுசாகக் கற்றுத்தர முடியாது, முடியும் என்று சொல்பவரை நம்பாதே.

கொஞ்சம் ஏமாற்று வேலை செய்யலாம். வீட்டு மொசைக் தரையில் சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு இரண்டடி ஓடி, பக்கவாட்டில் திரும்பிச் சறுக்கி நின்று பார். இடுப்பு எப்படித் திரும்புகிறது என்பது உடம்புக்குப் புரியும். அப்புறம் ஐஸில் முதல் நாள் காலையில் மட்டையைத் தொடாதே. ஆடுகளத்தின் ஓரப் பலகையைப் பிடித்தபடி ஒரு காலால் ஐஸைச் சுரண்டு. தேங்காய்த் துருவல் மாதிரி பனி வந்தால் சரியாகச் செய்கிறாய் என்று அர்த்தம். இடது காலுக்கும் அதே அளவு நேரம் கொடு, எல்லோரும் ஏமாறுவது அந்தப் பக்கத்தில்தான்.

லே சுமார் 3,500 மீட்டர் உயரம். ஊரில் இறங்கிய அன்றைக்கே ஆடக் கிளம்பாதே, உயரத்துக்கு உடம்பு பழக இரண்டு நாள் சும்மா இரு.

குடியாத்தம், ஒரு அம்மா: என் மகளுக்குப் பத்து வயது. டிவியில் பார்த்தால் ஆளை ஆள் இடித்துத் தள்ளுகிறார்கள். அனுப்பப் பயமாக இருக்கிறது.

நீங்கள் பார்ப்பது பெரியவர்களின் தொழில்முறை ஆட்டம் அம்மா. சர்வதேச மகளிர் போட்டிகளில் வேண்டுமென்றே ஆளை இடித்துத் தள்ளினால் தண்டனை. அமெரிக்காவிலேயே 12 வயதுப் பிரிவில் இடித்து ஆடுவதை 2011-இல் எடுத்துவிட்டார்கள். என் வகுப்பில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. விழப்போகும் குழந்தை தலையைக் குனிந்துகொண்டு ஓரப் பலகையில் மோதினால் கழுத்துக்கு ஆபத்து. அதனால் மட்டை தருவதற்கு முன்பே விழக் கற்றுத் தருகிறேன்: முகம் மேலே, தோளோ முதுகோ பலகையில் படட்டும். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், பிளேடு ஏறிவிடும். தலையில் அடிபட்டுத் தலைவலி, வாந்தி, தடுமாற்றம் என்று எது வந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, நேராக டாக்டரிடம். "ஒண்ணும் இல்ல மாஸ்டர்" என்று அவளே சொன்னாலும் இறக்க மாட்டேன்.

வாலாஜா, உடற்கல்வி ஆசிரியர்: எங்கள் பள்ளியில் சாதா ஹாக்கி ஆடும் பிள்ளைகள் உண்டு. அவர்களை மாற்ற முடியுமா?

தாராளமாக. ஒரே சிக்கல், தரை ஹாக்கியில் மட்டையின் தட்டைப் பக்கத்தால்தான் தொடலாம், ஐஸில் இரண்டு பக்கமும் ஆடலாம். அதைப் பழக ஒரு டென்னிஸ் பந்தும் சிமெண்ட் தரையும் போதும். இடது கை மேலே வைத்துப் பழகியவர்களுக்கு வலது கை ஆட்டக்காரருக்கான மட்டையே வாங்குங்கள். கோல்கீப்பருக்கு டென்னிஸ் பந்து வரைக்கும் கிரிக்கெட்டில் காலில் கட்டும் பேடு போதும். ஐஸில் பந்துக்குப் பதிலாக ஆடும் வட்டத் தட்டான பக் கெட்டி ரப்பர், 156 முதல் 170 கிராம் வரை இருக்கும், அதற்கு உரிய கவசம் இல்லாமல் யாரையும் நிறுத்த வேண்டாம்.

பளு தூக்குபவரின் மகன்: அப்பா இப்போதே வெயிட் தூக்கச் சொல்கிறார். செய்யலாமா?

காமன்வெல்த்தில் 2014, 2018 என்று இரண்டு தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊரில் இருந்துகொண்டு வெயிட் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை! தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் நின்றால் வெறும் கம்பியோடு, உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பழகு. ஸ்கேட்டிங்குக்கு வேண்டிய தொடை அதில் வரும். எடை ஏற்றுவதற்கு அவசரம் இல்லை.

சேண்பாக்கம், ஒரு அப்பா: என் பையனை ஒரு நிமிஷத்தில் வெளியே உட்கார வைத்துவிடுகிறீர்கள். அவன் என்ன தப்பு செய்தான்?

ஒரு தப்பும் இல்லை சார். கோல்கீப்பரைத் தவிர, உலகத்தில் பெரிய ஆட்டக்காரர்களும் பொதுவாக முக்கால் நிமிடம், ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சாக ஆடுவதில்லை. முழு வேகத்தில் கால் அவ்வளவுதான் தாங்கும், அப்புறம் மாற்று ஆள் இறங்குவார். அதற்கு மேல் ஒரு பையன் களைப்பே இல்லாமல் நிற்கிறான் என்றால் அவன் ஓடவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஆம்பூர், ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்: பையனுக்கு ஒரு சைஸ் பெரிதாக ஸ்கேட் வாங்கினால் இரண்டு வருடம் வருமே?

ஷூ செய்பவரே இப்படிக் கேட்கலாமா? ஐஸ் ஹாக்கி ஸ்கேட் பொதுவாகச் சாதாரண ஷூவை விட ஒரு சைஸ் சிறியதாகத்தான் சரியாக உட்காரும். குதிகால் உள்ளே ஆடினால் கணுக்கால் சாயும், கொப்புளம் வரும், பையன் அடுத்த வாரம் வர மாட்டான். பெரிய பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன ஜோடிகள் எங்களிடம் ஒரு மூட்டை கிடக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் வாருங்கள், மெல்லிய சாக்ஸ் ஒன்று கொண்டுவாருங்கள், போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.