வரலாற்றில் நடந்த ஒரு சிறு மோதலை மேசைப் போர் விளையாட்டுக்கான சினாரியோவாக, அதாவது ஆடுவதற்கான களமும் சூழலும் விதிகளுமாக, வடிவமைப்பது எப்படி?

ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு உருவங்கள் (சிறு படைவீரர் பொம்மைகள்), ஒரே மாலையில் முடிய வேண்டும், உண்மையில் நடந்த சண்டையாக இருக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலரும் படைப் பட்டியலில் தொடங்குவார்கள். எந்தப் படைப்பிரிவு, எத்தனை பேர், என்ன சீருடை என்று. நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். அன்று அந்த இடத்தில் நின்ற அதிகாரிக்கு எது பெரிய தலைவலியாக இருந்தது என்பதைத்தான் முதலில் தேடுவேன். அது கிடைத்துவிட்டால் சினாரியோவில் பாதி தானாகவே வந்துவிடும். கிடைக்கவில்லை என்றால், சீருடைப் பொத்தான் வரை சரியாக இருந்தாலும் இரண்டு கும்பல் மேசை நடுவில் முட்டிக்கொண்டு பகடை உருட்டுவதாகத்தான் ஆட்டம் முடியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1815 ஜூன் 18, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள வாட்டர்லூ. நெப்போலியனின் பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் கூட்டுப் படையும் மோதிய நாள். வெலிங்டனுடைய அணியின் நடுப்பகுதிக்கு முன்னால், பிரஸ்ஸல்ஸ் செல்லும் சாலையோரம் லா ஹே சாந்த் என்று ஒரு பண்ணை. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அதைக் காத்து நின்றது, பிரிட்டிஷ் படையில் சேர்ந்து போரிட்ட ஜெர்மானியர்களின் பிரிவான கிங்ஸ் ஜெர்மன் லீஜியனின் இரண்டாம் இலகு பட்டாலியன். தொடக்கத்தில் ஏறக்குறைய 400 பேர். தலைவர் மேஜர் பாரிங். அவர்களிடம் இருந்தவை பேக்கர் ரைபிள்கள், அதாவது குழலுக்குள் வரிப்பள்ளம் உள்ள துப்பாக்கிகள். மற்ற காலாட்படையின் மஸ்கெட் (வரிப்பள்ளம் இல்லாத சாதாரணத் துப்பாக்கி) குண்டு அதற்குப் பொருந்தாது. பாரிங் திரும்பத் திரும்ப ஆள் அனுப்பித் தோட்டா கேட்டார். உதவிக்கு ஆட்கள் வந்தார்கள், தோட்டா வரவில்லை. மாலை 6 மணி வாக்கில் பண்ணை விழுந்தது. பாரிங்குடன் வெளியேறியவர்கள் 42 பேர்.

இதில் 400 பேரையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. முந்தைய இரவு மழையில் நனைந்த வீரர்கள், பண்ணைக் களஞ்சியத்தின் பெரிய கதவை உடைத்து விறகாக எரித்துவிட்டார்கள். அதனால் சண்டை நாளில் அந்த வாசல் மூட வழியில்லாமல் திறந்தே கிடந்தது. அந்த வாசல், உள்ளே ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு குட்டை. உங்கள் மேசைக்கு அது போதும். பெரிய சண்டையிலிருந்து இப்படி ஒரு மூலையை வெட்டி எடுப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இப்போது தலைவலியை விதியாக மாற்றுங்கள். காப்பவருக்கு 12 உருவங்கள், ஆட்டம் 8 சுற்று என்றால், எல்லோரும் எல்லாச் சுற்றிலும் சுட்டால் 96 முறை சுடலாம். தோட்டாவுக்குப் பதிலாக அவருக்கு ஒரு பையில் 50 டோக்கன் (சிறு வில்லைகள்) மட்டும் கொடுங்கள். ஒரு தடவை சுட்டால் ஒரு டோக்கன் போகும். பை அவர் கையில் இருக்கட்டும், எதிராளி எண்ணிப் பார்க்கக் கூடாது. இந்த ஒரு விதியால், தூரத்தில் வருபவனைச் சுடுவதா, வாசலுக்கு வரும்வரை பொறுப்பதா என்று ஒவ்வொரு சுற்றிலும் யோசிக்க வேண்டியிருக்கும். பாரிங்கும் அதே யோசனையில்தான் நின்றிருப்பார்.

சரி, இன்னொரு சிக்கல். மேசைக்கு வருபவர் வரலாறு படித்தவராக இருப்பார். தோட்டா வராது என்று அவருக்கு முன்பே தெரியும். பாரிங்குக்குத் தெரியாது. அதனால் மூன்று சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள்: தோட்டா வருகிறது, ஆட்கள் மட்டும் வருகிறார்கள், எதுவும் வரவில்லை. ஐந்தாம் சுற்றில்தான் திறக்க வேண்டும். நடந்தது இரண்டாவது. ஆனால் முதல் நான்கு சுற்றும் காப்பவர் நம்பிக்கையோடும் பயத்தோடும் விளையாடுவார். என்ன நடந்தது என்பதைவிட, என்ன நடக்குமோ என்று அன்று நினைத்தார்களே, அதை மேசைக்குக் கொண்டுவருவதுதான் எனக்கு முக்கியம்.

தீயையும் விடாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் களஞ்சியத்தைக் கொளுத்தினார்கள். உதவிக்கு வந்த நாசாவ் (ஒரு ஜெர்மானியச் சிற்றரசு) வீரர்களிடம் இருந்த பெரிய சமையல் பாத்திரங்களில் குட்டைத் தண்ணீரை மொண்டு அணைத்தார்கள். விளையாட்டில், தண்ணீர் சுமப்பவர் அந்தச் சுற்றில் சுட முடியாது, அவ்வளவுதான். தோட்டா மிச்சம், ஆனால் வாசலில் ஒரு துப்பாக்கி குறைவு.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 28 மில்லிமீட்டர் உருவங்கள் ஏறக்குறைய 1:56 அளவு. அந்தக் கணக்கில் உண்மையான 100 மீட்டர் மேசையில் 1.8 மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறையும், மேசையே அவ்வளவுதான் இருக்கும். எனவே துப்பாக்கி எட்டும் தூரத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும், அதற்காக வருந்த வேண்டாம். நகர்வு 6 அங்குலம் என்றால் தாக்குபவரை வாசலிலிருந்து 18 அங்குலத்தில் நிறுத்துங்கள். மூன்றாம் சுற்றில் கைகலப்பு தொடங்கிவிடும். உருவங்களை நகர்த்துவதிலேயே பாதி மாலை போய்விடும் சினாரியோ யாருக்கும் வேண்டாம்.

தாக்குபவருக்கும் 12 உருவங்கள் போதும். விழுந்தவர்களை அடுத்த சுற்றில் மேசை ஓரத்திலிருந்து புது அலையாக மறுபடி இறக்குங்கள். நிறைய பெயின்ட் அடிக்காமலேயே ஆள் குறையாத படை கிடைத்துவிடும்.

வெற்றி நிபந்தனையில் "பண்ணையைப் பிடித்தவர் ஜெயித்தார்" என்று மட்டும் எழுதாதீர்கள். பாரிங் பண்ணையை இழந்தார். ஆனால் மாலை வரை பிடித்து வைத்திருந்ததே பெரிய காரியம். ஆகவே ஆறாம் சுற்று முடிவு வரை தாக்குப்பிடித்து, நான்கு பேரோடு பின்பக்கத் தோட்டம் வழியாக வெளியேறினாலும் சமன் என்று வையுங்கள். எட்டுச் சுற்றும் நின்றால் காப்பவருக்கு வெற்றி. அப்புறம் பக்கம் மாறி இன்னொரு முறை ஆடுங்கள். யாருக்கும் மனக்குறை இருக்காது.

பிறருக்குக் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் நீங்களே தனியாக ஆடிப் பாருங்கள். காப்பவர் எப்போதும் ஜெயித்தால் டோக்கனை மட்டும் 40 ஆக்குங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். சிறப்பு விதிகள் மூன்றுக்கு மேல் போனாலும் நான் ஒன்றை வெட்டிவிடுவேன். இந்த உதாரணத்தில் வெட்ட வேண்டி வந்தால் தீயைத்தான் வெட்டுவேன், தோட்டாவைத் தொட மாட்டேன்.