அயனித் திரவ மைக்ரோஎமல்ஷன் ஒரு நாள் தெளிகிறது, மறுநாள் கலங்குகிறது: ஏன்?

கேள்வி: பியூட்டைல்-மெத்தைல்-இமிடசோலியம் டெட்ராஃபுளோரோபோரேட் என்ற அயனித் திரவம் (அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்பு), டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பரப்புச் செயலி, சைக்ளோஹெக்சேன் என்ற கரைப்பான் மூன்றையும் கலந்து மைக்ரோஎமல்ஷன் (ஒரு திரவத்தின் மிக நுண்ணிய துளிகள் இன்னொன்றில் பரவிய தெளிந்த கலவை) செய்கிறேன். அதே அளவுகள்தான். ஒரு நாள் பளிச்சென்று தெளிகிறது, இன்னொரு நாள் பாலாகக் கலங்குகிறது. எந்த விகிதத்தில் தெளியும், எதில் பிரியும் என்று காட்டும், ஆய்வுகளில் வெளியான நிலைமை வரைபடங்களோடும் ஒத்துப்போகவில்லை. இதிலேயே லைப்பேஸ் என்ற கொழுப்பைச் சிதைக்கும் நொதியை வைத்து வினை நடத்தலாமா?

பதில்: அளவுகளைச் சந்தேகப்படும் முன் குப்பியில் இருக்கும் அயனித் திரவத்தைச் சந்தேகியுங்கள். உங்களுடைய திரவம் அறை வெப்பநிலையில் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும் வகை. மூடியைத் திறந்து வைத்தாலே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டிரைட்டானும் ஈரம் பிடிக்கும்.

கொஞ்சம் ஈரத்துக்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். அயனித் திரவமும் சைக்ளோஹெக்சேனும் தாமாகச் சேராது. டிரைட்டானின் எத்திலீன் ஆக்சைடு சங்கிலியில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் நேர்மின்னுள்ள இமிடசோலியம் வளையத்தை ஈர்க்கின்றன. அந்தப் பிடிப்பில்தான் திரவம் துளியின் உள்ளே தங்குகிறது. தண்ணீரும் ஹைட்ரஜன் பிணைப்பால் அதே ஆக்சிஜன்களைத் தேடிப் போகும். ஆகவே ஈரம் மாறினால் தெளிவுக்கும் கலங்கலுக்கும் இடையிலான எல்லைக்கோடும் நகரும். நீங்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

அயனித் திரவம், டிரைட்டான் இரண்டையும் வெற்றிடத்தில் சுமார் 70 டிகிரி செல்சியஸில் கலக்கியபடி இரவு முழுக்க உலர்த்துங்கள். கார்ல் ஃபிஷர் தரம்பார்த்தலில் நீரளவைப் பார்த்து, ஒவ்வொரு தொகுதிக்கும் குறித்து வையுங்கள். அப்புறம் குளோரைடு. இந்தத் திரவத்தைப் பெரும்பாலும் குளோரைடு உப்பிலிருந்து அயனி மாற்றித்தான் செய்கிறார்கள். மிச்சமிருக்கும் குளோரைடு பாகுத்தன்மையை நன்றாக ஏற்றிவிடும். சோதனை எளிது: சில துளிகளைத் தூய நீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, வெள்ளி நைட்ரேட் கரைசலை விடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் திரவம் சுத்தமில்லை.

கலக்கும்போது பிப்பெட் வேண்டாம். பிசுபிசுப்பான திரவம் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளவு தவறும். எல்லாவற்றையும் எடையிலேயே சேருங்கள். சைக்ளோஹெக்சேன் ஆவியாகாதபடி குப்பியை மூடி, 25 டிகிரி நீர்க்குளியலில் வையுங்கள். ஒவ்வொரு சொட்டு சேர்த்த பின்னும் பொறுத்திருங்கள். பாகு மிகுந்த கலவை சமநிலைக்கு வர நேரமெடுக்கும். அவசரத்தில் பார்க்கும் கலங்கல் பல நேரம் உண்மையான பிரிவே அல்ல.

தெளிந்துவிட்டால் மைக்ரோஎமல்ஷன் என்று முடிவுகட்டாதீர்கள். மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள். சைக்ளோஹெக்சேன் கடத்தாது, அயனித் திரவம் கடத்தும். திரவத்தைச் சேர்க்கச் சேர்க்க, சுழியத்தை ஒட்டிக் கிடந்த எண் ஒரு கட்டத்தில் சட்டென்று எழும். துளிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளத் தொடங்கும் இடம் அது. ஒளிச்சிதறலில் துளியின் அளவையும் பாருங்கள். திரவத்துக்கும் டிரைட்டானுக்கும் உள்ள மோல் விகிதம் கூடக்கூடத் துளி வீங்க வேண்டும். வீங்கவில்லை என்றால் உள்ளே திரவத் துளி இருக்கிறது என்று நான் நம்பமாட்டேன்.

சரி, லைப்பேஸ். இந்தக் கலவையில் வேண்டாம். நொதி வேலை செய்யக் கொஞ்சமாவது தண்ணீர் வேண்டும். டெட்ராஃபுளோரோபோரேட்டோ தண்ணீரோடு சேர்ந்து, குறிப்பாகச் சூட்டில், மெல்லச் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் தரும். அது நொதிக்கும் கேடு, கண்ணாடியையும் அரிக்கும், உங்கள் கைக்கு மிக ஆபத்து. ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் அயனிக்கும் இதே சிக்கல் உண்டு. எனவே அமைப்பையே திருப்பிப் போடுங்கள். தண்ணீரோடு சேராத, நீரால் எளிதில் சிதையாத பிஸ்-டிரைஃபுளோரோமெத்தேன்சல்ஃபோனைல் இமைடு அயனி கொண்ட திரவத்தை வெளி ஊடகமாக வைத்து, அதற்குள் நீர்த்துளிகளை உருவாக்கலாம். இதற்கான பரப்புச் செயலியான ஏஓடி தனியாக இத்தகைய திரவங்களில் சரியாகக் கரையாது. 1-ஹெக்சனாலைத் துணையாகச் சேர்த்தால் கரைந்து நீரைப் பிடிக்கும். நொதி நீர்த்துளிக்குள் இருக்கும், வினைபொருளைத் திரவத்தில் கரைத்துக் கொடுக்கலாம்.

ஏற்கெனவே வாங்கிய டிரைட்டான் கலவையை நீரில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நானோ துகள் தயாரிப்புக்குப் பொருந்தும். ஆனால் துகளாக மாறும் முன்வினைபொருளோ அதை மாற்றும் ஒடுக்கியோ நீரைக் கொண்டுவந்தால், ஈரத்தை மறுபடி அளந்துவிட்டே தொடங்குங்கள்.