பழைய கிராமத்து வாழ்க்கையைத் தொலைக்காட்சியில் காட்டியவர்களில் மறக்க முடியாதவர் யார்? ஏன்?

ஜாக் ஹார்கிரீவ்ஸ். நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத பெயர். தென் இங்கிலாந்தில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும். நரைத்த தாடி, வாயில் புகைக்குழாய், பின்னால் கருவிகள் அடைந்து கிடக்கும் ஒரு மரக்கொட்டகை எல்லாம் அவர்கள் கண்முன்னால் வந்துவிடும்.

சவுத்தாம்ப்டனில் இயங்கிய சதர்ன் டெலிவிஷன் 1960 முதல் 1981 வரை 'அவுட் ஆஃப் டவுன்' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஊருக்கு வெளியே என்று அர்த்தம். மீன்பிடிப்பு, குதிரை, ஆட்டுச்சந்தை, வேலி, கூரை, கொல்லன் பட்டறை என்று நகரத்துக்காரர்கள் கண்ணில் படாத எல்லாமே அதில் வந்தன. அந்தக் கொட்டகை நிஜக் கொட்டகை இல்லை, ஸ்டுடியோவில் போட்ட செட். அவர் அதில் உட்கார்ந்து ஏதாவது ஒரு பழைய கருவியைக் கையில் எடுப்பார், புரட்டிக் காட்டுவார், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலப் பேச ஆரம்பிப்பார். பிறகு படம் ஓடும்.

அந்தப் படம் எடுக்கப்பட்ட விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நிகழ்ச்சியின் ருசியே அதில்தான் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் ஸ்டான் பிரெஹோ 16 மில்லிமீட்டர் ஃபிலிமில், ஒலி இல்லாமல் படம் பிடித்துக்கொண்டு வருவார். ஸ்டுடியோவில் அது ஓடும்போது ஹார்கிரீவ்ஸ் எழுதி வைத்துக்கொள்ளாமல், பார்த்துப் பார்த்துப் பேசுவார். மைக் நீட்டாததால் தொழிலாளி வேலையை நிறுத்திவிட்டு "நாங்க வந்து..." என்று கேமராவைப் பார்த்துத் தடுமாற வேண்டியதில்லை. அவர் பாட்டுக்கு வேலை செய்வார், கேமரா கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் இந்த முறையில் ஒரு கண்டமும் உண்டு. பேசுகிறவருக்கு அந்த வேலையின் படிகள் வரிசையாகத் தெரியாவிட்டால் பேச்சு படத்தை முந்திப் போய்விடும், அல்லது பின்தங்கி, படத்தில் ஆணி அடித்து முடித்த பிறகு ஆணியைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும். ஹார்கிரீவ்ஸுக்கு அந்தத் தடுமாற்றம் அபூர்வம். கை ஒரு சிக்கலான இடத்துக்கு வரும்போது அவருடைய வாக்கியமும் அங்கே வந்து நிற்கும்.

அவர் என்ன மாதிரி விஷயங்களை விளக்கினார் என்பதற்கு அந்த வட்டாரத்துத் தொழில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஹாம்ப்ஷயர், டார்செட் பக்கத்து ஆட்டுப்படல். ஆம், நம் படலேதான்: குச்சிகளை முடைந்து செய்யும், தூக்கிக்கொண்டு போகக்கூடிய வேலித் துண்டு. நம் ஊரில் எந்த மிலாறு கிடைக்கிறதோ அதில் முடைவார்கள். அங்கே ஹேசல் என்ற மரம்தான்.

ஹேசலை அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து கொத்தாகத் தளிர்க்கும். ஏழெட்டு வருஷத்தில் அந்தத் தளிர்கள் கட்டைவிரல் பருமனுக்குக் கொஞ்சம் மேலாக, பத்தடிக்கு மேல் நேராக வளர்ந்து நிற்கும். அப்போது மறுபடி வெட்டுவார்கள். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து வருஷம் ஒரு பகுதி வெட்டினால் சுற்று நிற்காமல் ஓடும். வெட்டுவது குளிர்காலத்தில், இலை உதிர்ந்து, சாறு அடங்கியிருக்கும்போது. விட்டுப்போய் பதினைந்து, இருபது வருஷம் ஆன ஹேசல் படலுக்கு உதவாது. தடித்துக் கோணிவிடும், பிளந்தால் சீராகப் பிளக்காது. புதுத் தளிரை மானும் முயலும் கடித்துவிட்டால் அந்தக் கட்டை அடுத்த சுற்றுக்கு நேரான கம்பு தராது. ஆகவே படல்காரனுக்குப் பாதி வேலை காட்டைக் காப்பாற்றுவதில் போய்விடும்.

முடைவதற்குத் தரையில் ஒரு மரக்கட்டை கிடக்கும். நேர்க்கட்டை அல்ல, லேசாக வளைந்தது. அதில் வரிசையாகப் பத்துத் துளை. பத்து நிலைக்கம்புகளை அதில் நட்டு, அவற்றுக்கிடையே கம்புகளை உள்ளும் வெளியுமாக ஓட்ட வேண்டும். ஓரத்து இரண்டு நிலைக்கம்புகள் பிளக்காத முழுக் கம்புகள், ஏனென்றால் முடைகிற கம்பு அவற்றைச் சுற்றித் திரும்பும்போது இழுவை முழுவதும் அங்கேதான் விழும். அடியில் சில வரிசைக்கு மெல்லிய முழுக் கம்புகள் ஓடும், அதற்கு மேல் பிளந்த கம்புகள். பிளந்தது நன்றாக வளையும், ஒரு கம்பு இரண்டாகவும் ஆகிவிடும்.

பிளப்பதற்கு வளைந்த வாயுள்ள வெட்டரிவாள் ஒன்றே போதும். நுனியில் ஒரு கொத்து, பிறகு அரிவாளை மெல்ல முறுக்கிக்கொண்டே போனால் பிளவு கம்போடு ஓடும். புதியவர்களுக்கு இங்கேதான் தவறும். பாதி தூரத்தில் பிளவு ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு பாதி சக்கையாகவும் மறுபாதி தடியாகவும் ஆகிவிடும். அப்போது தடித்திருக்கிற பாதியை அதிகமாக வளைக்க வேண்டும். எந்தப் பக்கம் கூடுதலாக வளைகிறதோ அந்தப் பக்கம் நோக்கித்தான் பிளவு நகரும், ஆகவே நடுவுக்குத் திரும்பிவிடும். சொன்னால் இரண்டு வரி. கைக்கு வருவதற்கு நூற்றுக்கணக்கான கம்புகள் வீணாக வேண்டும்.

இன்னொரு சூட்சுமம் ஓரத்தில். கம்பு கடைசி நிலைக்கம்பைச் சுற்றித் திரும்பும் இடத்தில் அதை வெறுமனே மடக்கினால் வெளிப்பக்க நார் பட்டென்று முறியும். மடக்குகிற அதே நொடியில் முறுக்கவும் வேண்டும். முறுக்கினால் நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து கயிற்றின் புரி போல ஆகிவிடும், கயிறு போலவே சுற்றிக்கொள்ளும். வெட்டி மாதக்கணக்கில் காய விட்ட கம்பில் இது நடக்காது. அது முறுக்குக்கு முன்பே உடையும்.

கட்டை ஏன் வளைவாக இருக்கிறது? படல் முடிந்து துளைகளிலிருந்து எடுக்கும்போது அதுவும் வளைந்தே இருக்கும். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், முடைச்சல் தளரும். வளைந்த படல்களைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாரத்தில் வளைவு நிமிரும், அந்த நிமிர்வில் முடைச்சல் இறுகிக்கொள்ளும். ஆணி, கம்பி எதுவும் இல்லாமல் படல் கட்டுக்குலையாமல் நிற்பது இதனால்தான். ஒருமுறை தெரிந்துகொண்ட பிறகு எந்தப் படலைப் பார்த்தாலும் கண் முதலில் கம்பு முறுக்கித் திரும்பும் ஓரத்துக்குத்தான் போகும்.

ஆட்டுப்படலின் நடுவே மேல்பக்கமாக ஒரு சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். முடையத் தெரியாமல் விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நாலைந்து படல்களை அடுக்கி அந்த ஓட்டைகள் வழியாக ஒரு கழியை நுழைத்து மேய்ப்பன் தோளில் போட்டுக்கொண்டு போவான். ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால், அங்கேயும் கிடை போடுகிற வழக்கம்தான். சுண்ணாம்பு மேடுகளில் மண் மெல்லியது, சத்தில்லாதது. பகலில் மேட்டுப் புல்லில் மேய்ந்த ஆடுகளை இரவில் கீழே உழவு நிலத்தில் படல் வளைத்து அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும், குளம்புகள் மிதித்து அமுக்கும். மறுநாள் படலை நகர்த்தி அடுத்த துண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடைக்குப் பிறகு ராமநாதபுரத்துக் கீதாரிகள் வந்து கிடை அமர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ரசாயன உரமும் கம்பி வலையும் வந்ததும் அங்கே படலுக்கு வேலை போயிற்று. இப்போது பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்து அழகு வேலியாக விற்கிறது.

இன்னொரு உதாரணம், அந்த வட்டாரத்து நியூ ஃபாரஸ்ட். அங்கே காட்டில் மட்டக்குதிரைகள் அவிழ்த்துவிட்டது போலத் திரியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. அந்த வருஷத்து மேய்ச்சல் கட்டணம் கட்டியாயிற்றா என்பதை வாலைப் பார்த்தே சொல்லிவிடலாம். அஜிஸ்டர் எனப்படும் காட்டுக் கண்காணிப்பாளர் வால் மயிரை ஒரு குறிப்பிட்ட வடிவில் வெட்டிவிடுவார். ஒவ்வொரு அஜிஸ்டருக்கும் வெட்டு வேறு, ஆகவே குதிரை எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதும் தெரிந்துவிடும். இலையுதிர் காலத்தில் அதே காட்டுக்குள் பன்றிகளை விடுவார்கள், குறைந்தது 60 நாள். ஓக் மரத்துப் பச்சைக் காய்கள் குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், பன்றிக்கோ விருந்து. பன்றிகள் முன்னால் போய்ப் பொறுக்கித் தின்றுவிட்டால் குதிரைகள் பிழைக்கும். ஆனால் பன்றி சும்மா பொறுக்காது, மூக்கால் மண்ணையே உழுதுவிடும். அதைத் தடுக்கத்தான் மூக்கில் வளையம்.

வண்டிச் சக்கரத்தைப் பற்றி நீட்டி எழுத ஆசைதான். நம் ஊர் ஆசாரிமார் ஏற்கெனவே கரைகண்ட விஷயம் என்பதால் வித்தியாசங்களை மட்டும் சொல்கிறேன். அங்கே சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்துக்கு எல்ம் மரம். அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் சுற்றிலும் இத்தனை துளை போட்டும் பிளக்காது. ஆரக்கால் ஓக், அறுத்தது அல்ல, இழை ஓட்டத்தோடு பிளந்தது. வெளிவட்டமான வட்டைக்கு அதிர்ச்சி தாங்கும் ஆஷ் மரம். ஒரு வட்டைத் துண்டுக்கு இரண்டு ஆரக்கால் கணக்கு, ஆகவே ஆரக்கால்கள் எப்போதும் இரட்டைப்படைதான். சக்கரம் தட்டையாக இல்லாமல் சாப்பாட்டுத் தட்டு போலக் குழிந்திருக்கும். குதிரை நடக்கும்போது பாரம் இடமும் வலமுமாகச் சாயும், அந்தப் பக்கவாட்டு இடியைத் தாங்கத்தான் குழிவு. வட்டையைச் சுற்றி மாட்டும் இரும்புப் பட்டாவின் அளவு எடுக்க, கைப்பிடி வைத்த சிறு வட்டத் தகடு ஒன்றை வட்டையின் மேல் உருட்டிச் சுற்றுகளை எண்ணுவார்கள். பெரிய சக்கரம் என்றால் பட்டாவைச் சுமார் ஓரங்குலம், ஒன்றேகால் அங்குலம் குறைவாக அடிப்பார்கள். சூட்டில் விரிந்ததும் இடுக்கியால் தூக்கி மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி எல்லா மூட்டுகளையும் நெரித்துப் பிடிக்கும். அதிகம் குறைத்துவிட்டால் குழிவு அதிகமாகி ஆரக்கால் நெளியும். குறைக்காமல் விட்டால் வெயில் காலத்தில் மரம் வற்றி, பட்டா நடுரோட்டில் கழன்று உருளும். அந்தப் பயத்தில் சக்கரத்தை ஓடைத் தண்ணீரில் நிறுத்தி ஊற வைப்பது அங்கேயும் உண்டு.

ஹார்கிரீவ்ஸ் பிறவிக் கிராமத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1911இல் லண்டனில் பிறந்தவர். 'லில்லிபுட்' பத்திரிகையின் ஆசிரியர், 'பிக்சர் போஸ்ட்' பத்திரிகையின் நிர்வாக ஆசிரியர், பிறகு தேசிய விவசாயிகள் சங்கத்தின் தகவல் பிரிவு, கடைசியில் சதர்ன் டெலிவிஷனின் நிர்வாகத்திலேயே பெரிய பதவி. கோட்டு சூட்டு உலகத்தில் நன்றாகப் பழம் தின்று கொட்டை போட்டவர். இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள், வேஷம் என்பார்கள். எனக்கு அது பலமாகத்தான் தெரிகிறது. படல் முடைகிறவருக்குத் தான் செய்வதில் விளக்க என்ன இருக்கிறது என்றே தோன்றாது. வெளியிலிருந்து வந்து, கேட்டு, கையால் தொட்டுக் கற்றவருக்குத்தான் எந்த இடத்தில் மற்றவர்களுக்குப் புரியாது என்பது தெரியும். 1966இல் தொடங்கிய 'ஹவ்' என்ற சிறுவர் நிகழ்ச்சியிலும் இதையேதான் செய்தார். ஃப்ரெட் டைனனேஜ், ஜான் மில்லர் போன்றவர்களோடு உட்கார்ந்து, உள்ளங்கையை உயர்த்தி "ஹவ்" என்று வணக்கம் சொல்லிவிட்டு, ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவார்.

அவரிடம் பிடித்த இன்னொன்று, அழுகை கிடையாது. முயல் பிடிப்பதும் மீன் கொல்வதும் அந்த வாழ்க்கையில் உண்டு, அதை மூடி மறைக்கவில்லை. பழையதெல்லாம் பொன் என்று பாடவும் இல்லை. சதர்ன் டெலிவிஷன் உரிமத்தை இழந்து 1981 முடிவில் மூடப்பட்டதும் நிகழ்ச்சி நின்றது. பிறகு சேனல் 4இல் 'ஓல்ட் கன்ட்ரி' என்ற பெயரில் சில வருஷம் அதே பாணியில் தொடர்ந்தார். 1994 மார்ச்சில் காலமானார்.

அவருடைய பழைய பகுதிகள் கொஞ்சம் டிவிடியிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. கைத்தொழில் வரும் பகுதி ஒன்று கிடைத்தால், முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுக் கைகளை மட்டும் பாருங்கள். எங்கே "இது எதற்கு?" என்று தோன்றுகிறதோ அந்த நிமிஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒலியோடு ஓட்டுங்கள். குறித்த இடம் வரும்போது பெரும்பாலும் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.