எலி விரட்ட என்ன வழி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புறக்கோட்டையில் லேபிள் எதுவுமில்லாத பொட்டலமொன்றை 'மூலிகை எலி விரட்டி' என்று தந்தார்கள். மரக்கறித் தோட்டத்தில் போடலாமா? (வத்தளை)

போடாதீர்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்யாத பீடைகொல்லியை விற்க முடியாது. மூலிகை என்றாலும் அப்படித்தான். லேபிள் மும்மொழியிலும் இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. புரோடிபகூம் போன்ற, இரத்தத்தை உறையவிடாத நஞ்சைப் பிள்ளை விழுங்கிவிட்டால் விற்றமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். சிங்க் பொஸ்பைட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. வயிற்று அமிலம் பட்டதும் அது பொஸ்பீன் வாயுவாகிவிடும். உள்ளே இருந்தது எதுவென்று தெரியாமல் வைத்தியர் எப்படி வைத்தியம் பார்ப்பார்?

கேள்வி: கிளிசரிடியாப் பட்டையைத் தானியத்தோடு புளிக்கவைத்தால் எலி சாகுமாம். இயற்கைதானே, பயமில்லையா? (அவிசாவளை)

மத்திய அமெரிக்க விவசாயிகளின் பழைய முறை அது. பட்டையிலுள்ள கூமரின், நுண்ணுயிர்களால் டைகூமரோலாக மாறி இரத்தம் உறைவதைத் தடுக்கும். கடையில் விற்கும் எலிப்பாஷாணம் பலவும் செய்வது இதே வேலைதான். கடை நஞ்சுக்கு அளவு உண்டு, உங்கள் பானைக்கு இல்லை. நாயும் கோழியும் அதைத் தின்னும். கிளிசரிடியாவின் இலையைப் பசளையாக்குங்கள், பட்டையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாடித்தோட்டத்துக்கு மிளகாய்க் கரைசல், புதினா எண்ணெய் சரிவருமா? (வெள்ளவத்தை)

மிளகாயின் காரம் எலிக்கு உறைக்கும். ஆனால் ஒரு மழைக்குக் கழுவுண்டு போகும், திரும்பத் தெளிக்கவேண்டும். புதினா எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். கூட்டெருத் தொட்டியைக் கால் அங்குலக் கண் கம்பிவலையால் மூடுங்கள். விழுந்த பழங்களை இருட்டுமுன் பொறுக்கிவிடுங்கள். மாடியில் இதுதான் அதிகம் பலன் தரும்.

கேள்வி: அல்ட்ராசொனிக் கருவி? (தெஹிவளை)

வாங்கவேண்டாம். அந்த ஒலி சுவரைத் தாண்டாது, எலியும் பழகிவிடும்.

கேள்வி: பரந்தனில் அண்ணாவின் வயலை எலி அழிக்கிறது. இங்கிருந்து என்ன வாங்கி அனுப்பலாம்? (கொட்டாஞ்சேனை)

அனுப்ப ஒன்றுமில்லை; பக்கத்து வயல்காரரோடு அவர் பேசவேண்டும். நெல் குடலைப்பருவத்துக்கு (கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் இருக்கும் பருவம்) வரும்போதுதான் வயல் எலி பெருகத் தொடங்கும். சினைக்காலம் மூன்று வாரமளவுதான். அதன்பின் நஞ்சு வைப்பது பிந்திய வேலை. நிலம் பண்படுத்தும்போதே வயல்வெளிக்காரர் எல்லோரும் சேர்ந்து வளை வெட்டி, பொறி வைக்கவேண்டும். விதைப்பை இரண்டு வாரத்துக்குள் எல்லோரும் முடித்தால் எலிக்குத் தீனி நீண்டகாலம் தொடர்ந்து கிடைத்துக்கொண்டிராது. வரம்பு 30 சென்ரிமீற்றருக்கு மேல் அகலமானால் வளை தோண்ட வசதியாகிவிடும். கூகை வந்து உட்காரக் கம்பு நாட்டலாம். ஆனால் நஞ்சு தின்ற எலியைப் பிடித்தால் கூகையும் சாகும், இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடாது.

மின்கம்பி இழுக்கவே விடாதீர்கள், அதில் சாவது மனிதர்கள். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் குளிசை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகக் கிடைக்கும். சேற்றில் இறங்குமுன் அங்கே போய்க் கேட்கச் சொல்லுங்கள்.