போர் விமானியின் மன அழுத்தத்தை இதயத் துடிப்பை வைத்து அளக்க முடியுமா?

முடியும். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணினால் மட்டும் போதாது.

மார்பில் ஒட்டிய மின்முனைகள் ஈசிஜி பதிவு செய்யும். அதில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை மில்லிசெகண்டில் பார்ப்பார்கள். நிதானமாக இருக்கும்போது அது 810, 860, 790 என்று கூடிக் குறையும். மூச்சை இழுத்தால் சுருங்கும், விட்டால் நீளும். மனப்பளு ஏறினால் இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து, இந்த ஏற்ற இறக்கம் மங்கிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், கூர்மையான திருப்பத்தில் ஜி விசை (புவியீர்ப்பின் மடங்குகளில் அளக்கப்படும் விசை) ரத்தத்தைக் கால் பக்கம் தள்ளும். அதைச் சமாளிக்க விமானி கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி மூச்சைப் பிடிப்பார். துடிப்பு எகிறும்; அது உடல் உழைப்பு, பதற்றம் அல்ல. அதனால் ஜி அளவையும் கூடவே பதிய வேண்டும். அப்புறம், அதே ஆளின் ஓய்வுநிலைப் பதிவோடு ஒப்பிடுவதுதான் சரி.

வியட்நாம் போரின்போது அமெரிக்கக் கடற்படை விமானிகளை இப்படிக் கண்காணித்தார்கள். குண்டு வீசும் நேரத்தைவிட விமானந்தாங்கிக் கப்பலில் தரையிறங்கும் நேரத்தில்தான் துடிப்பு அதிகமாக இருந்தது!