முழங்கால் தேய்மானம்: நடக்கலாமா, கூடாதா?

கேள்வி: எனக்கு வயது 58. ஒரு வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி, வலது காலில் அதிகம். எக்ஸ்ரே பார்த்துத் தேய்மானம் என்றார்கள். நடந்தால் இன்னும் தேயுமே என்று வீட்டிலேயே இருக்கிறேன். வலி தாங்காவிட்டால் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். பிபிக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: அந்த வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். பிபி மாத்திரையை நிறுத்த வேண்டாம். டைக்ளோஃபெனாக் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். டெல்மிசார்ட்டன், எனாலாப்ரில் போன்ற பிபி மாத்திரைகளோடும், நீர் பிரிய வைக்கும் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். ஒருமுறை பிபியும், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்திலும் பார்த்துவிடுங்கள். இதே மருந்து களிம்பாகக் கிடைக்கிறது. முழங்காலில் தடவினால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. உங்கள் மருத்துவரிடம் கேட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

நடப்பதால் மூட்டு தேய்ந்துவிடாது. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. உட்கார்ந்தே இருந்தால் அது மெலிந்து, சுமை முழுவதும் மூட்டில் இறங்கும். எக்ஸ்ரேயை நினைத்தும் கலங்காதீர்கள். படத்தில் நிறையத் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை முட்டி நேராகும்வரை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கமாக மடக்கி, 5 நொடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, காலையும் மாலையும். காலைத் தொப்பென்று போட்டால் பாதிப் பலன் போய்விடும். மெதுவாக இறக்கும்போதும் தசை வேலை செய்கிறது. மூச்சை அடக்காதீர்கள், பிபி ஏறும். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் பலர் விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம். கூடவே சமதளத்தில் 10 நிமிட நடை.

உடல் எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறையும். உங்களுக்கு வலது காலில் வலி அதிகம் என்பதால், படியேறும்போது இடது காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலதை. கைத்தடி இடது கையில் இருக்க வேண்டும். சம்மணமும் குத்துக்காலும் இப்போதைக்கு வேண்டாம்.

காலையில் எழுந்ததும் வரும் மூட்டு விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) இருக்கலாம். ரத்தப் பரிசோதனை தேவை. ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து, சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கிருமித்தொற்றாக இருந்தால் சில நாட்களிலேயே மூட்டை அரித்துவிடும்.